வல்வெர்தே ஓய்வு: 18-ஆம் எண் பையை எங்கே வைப்பது?

கடைசிக்கிலோமீட்டர் | 9 அக்டோபர் 2022, காலை 7.10

நேற்று இத்தாலியின் கோமோவில் முடிந்துவிட்டது. லொம்பார்தியா சைக்கிள் பந்தயத்தை பொகாச்சார் ஜெயித்தார். என்ரிக் மாஸ் இரண்டாவது, லாந்தா மூன்றாவது. என் கண் முழுக்க ஆறாவதாகக் கோட்டைத் தாண்டியவர் மேலேயே இருந்தது. ஸ்பெயின் வீரர் அலெஹாந்த்ரோ வல்வெர்தே, வயது 42. 2002-இல் தொழில்முறை வீரராக வந்தவர், கடைசி நாளிலும் முதல் பத்துக்குள் வந்த பிறகுதான் சைக்கிளை விட்டு இறங்கினார். அதே பந்தயத்தோடு இத்தாலியின் நிபாலியும் விடைபெற்றார். நிபாலிக்கு இங்கே வாழ்த்து இழை நேற்று இரவே தொடங்கி நாலு பக்கம் ஓடிவிட்டது. வல்வெர்தேவுக்கு யாரும் தொடங்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அதனால் நானே தொடங்குகிறேன்.

2005 டூர் த பிரான்ஸ், கூர்ஷெவெல் மலை முகடு. ஆர்ம்ஸ்ட்ராங்கை விட்டு எல்லோரும் கழன்று விழ, 25 வயதுப் பையன் ஒருவன் மட்டும் கடைசிவரை அவர் பின்சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்து, முடிவில் தாண்டிப் போனான். அன்றிலிருந்து நான் இந்த ஆளின் ரசிகன். மலையில் ஏறுவார், சமதளத்தில் வேக ஓட்டத்தில் ஜெயிப்பார், பிப்ரவரியில் ஜெயிப்பார், அக்டோபரிலும் ஜெயிப்பார். பாதி வீரர்கள் ஒரு பந்தயத்துக்காக ஆறு மாதம் ஒளிந்துகொள்ளும் காலத்தில், இவர் எந்தப் பந்தயத்துக்கு வந்தாலும் ஜெயிக்கத்தான் வந்தார். மொத்தம் 133 வெற்றிகள்.

அதே ஆள்தான் 2010 முதல் இரண்டு வருடம் தடையில் இருந்தார். ஊக்கமருந்து விவகாரம். தண்டனையை முழுதாக அனுபவித்துவிட்டுத் திரும்பினார். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். என்னால் ஏற்க முடியாதது ஒன்றுதான்: இந்த நிமிடம்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. என்ன நடந்தது, யார் அழைத்துப் போனார்கள், எத்தனை நாள், ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வு பெறும் நாளிலாவது சொல்வார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. சொல்லவில்லை.

பதினேழு வருடம் ஒருவரைப் பின்தொடர்ந்துவிட்டு, அவர் விடைபெறும்போது மனம் நிறைந்து கை தட்ட முடியாமல் போவது வலிக்கிறது. உங்களுக்கு எப்படி?

---

சங்கிலிவட்டம் | 9 அக்டோபர் 2022, காலை 8.42

எனக்கு வலியே இல்லை, நண்பரே. போனது நல்லதுதான்.

அந்தப் பையில் இருந்தது அவருடைய ரத்தம். அதில் ஈபிஓ இருந்தது, ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஊக்கமருந்து. தெரியாமல் குடித்த இருமல் மருந்து என்று சொல்ல முடியாது. ஒரு மருத்துவரிடம் போய், கையை நீட்டி, ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். திட்டம் போட்டுச் செய்த காரியம்.

தடை முடிந்து 2012 ஜனவரியில் அதே நிர்வாகத்தின் அதே அணிக்குத் திரும்பினார். முதல் பந்தயம் ஆஸ்திரேலியாவில். அங்கேயே, வில்லங்கா குன்றில், ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, ஜெயித்தார். தண்டனை என்றால் ஏதாவது குறைய வேண்டும் இல்லையா? இவருக்கு என்ன குறைந்தது?

---

புதுச்சவாரி | 9 அக்டோபர் 2022, காலை 9.05

மன்னிக்கவும், நான் இரண்டு வருடமாகத்தான் பந்தயம் பார்க்கிறேன். அந்தப் பை விவகாரம் என்ன என்று யாராவது ஒழுங்காகச் சொல்ல முடியுமா? துண்டு துண்டாகத்தான் தெரியும்.

---

சட்டப்பிரிவு | 9 அக்டோபர் 2022, பகல் 11.30

சொல்கிறேன் தம்பி. கொஞ்சம் நீளும்.

2006 மே மாதம். மத்ரித்தில் எயுஃபெமியானோ ஃபுவென்தெஸ் என்ற மருத்துவரின் இடங்களை ஸ்பெயினின் கார்டியா சிவில் காவல்படை சோதனை போட்டது. குளிர்பெட்டிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட ரத்த, பிளாஸ்மா பைகள். ஆபரேஷன் புவெர்த்தோ என்று பெயர். பைகளில் வீரர்களின் பெயரை அப்படியே எழுதியிருக்கவில்லை. எண், கூடவே சங்கேதப் பெயர். இவான் பாஸ்ஸோவின் சங்கேதப் பெயர் 'பிரில்லோ', அது அவர் வளர்த்த நாயின் பெயர். 18-ஆம் எண் பையில் 'வல்வ்., பிட்டி' என்று இருந்தது. பிட்டி என்பது வல்வெர்தேவின் நாய் என்று பத்திரிகைகள் எழுதின.

அந்த வருட டூர் ஸ்ட்ராஸ்பூர்கில் தொடங்குமுன் உல்ரிக், பாஸ்ஸோ, மன்செபோ மூவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வல்வெர்தேவை ஓடவிட்டார்கள். மூன்றாம் கட்டத்தில் விழுந்து காறையெலும்பு உடைந்து அவரே விலக நேர்ந்தது. அப்புறம் வருடக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பெயின் சைக்கிள் சம்மேளனம் வழக்குத் தொடர மறுத்தது. 2007 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் அவரைத் தடுக்க சர்வதேச சைக்கிள் சங்கம் முயன்றது. விளையாட்டு நடுவர் மன்றம் அவரை ஓட அனுமதித்தது.

திருப்பம் வந்தது இத்தாலியிலிருந்து. 2008 டூர் ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குள் போனது. குனியோ பக்கம் ஓய்வு நாள். இத்தாலி ஒலிம்பிக் கமிட்டி ஆட்கள் வந்து வல்வெர்தேவிடம் ரத்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அதன் டிஎன்ஏவை 18-ஆம் எண் பையோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. எல்லை தாண்டி ஒரு நாள் தங்கியதில் மாட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2009 மே மாதம் இத்தாலிக்குள் மட்டும் இரண்டு வருடத் தடை. அந்த வருட டூர் இத்தாலி மண்ணைத் தொட்டதால் டூருக்கே போக முடியவில்லை. ஆனால் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்தாவை ஜெயித்தார்! 2010 மே 31 அன்று நடுவர் மன்றம் தடையை உலகம் முழுக்க விரித்தது, 2010 ஜனவரி 1-லிருந்து கணக்கு. அந்த வருடம் ஜெயித்த ரொமாந்தி பந்தயம் உட்பட 2010 முடிவுகள் போயின. அதற்கு முந்தைய வெற்றிகளையும் ரத்து செய்யச் சொல்லிக் கேட்டதை மன்றம் மறுத்துவிட்டது. அவை ஊக்கமருந்தால் வந்தவை என்பதற்குச் சான்று இல்லை என்பது காரணம். அதனால் 2009 வுவெல்தா இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்னொன்று. சோதனை நடந்தபோது ஸ்பெயினில் ஊக்கமருந்துக்கு எதிரான குற்றவியல் சட்டமே இல்லை. அது 2006 நவம்பரில்தான் வந்தது. அதனால் 2013-இல் ஃபுவென்தெஸ் மேல் நடந்த வழக்கு பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு விளைவித்தார் என்ற பிரிவில். நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுச் சிறை. பைகளை அழித்துவிடச் சொன்னார் நீதிபதி. 2016 மேல்முறையீட்டில் மருத்துவர் விடுதலை, ஆனால் பைகளை ஒப்படைக்க உத்தரவு. அதற்குள் பத்து வருடம் ஓடிவிட்டது, காலக்கெடு முடிந்தது. பெரும்பாலான பைகளின் சொந்தக்காரர்கள் யாரென்று வெளியே வரவே இல்லை.

---

புதுச்சவாரி | 9 அக்டோபர் 2022, பகல் 11.52

நன்றி அண்ணா. இருநூறு பையில் தண்டனை பெற்றவர்கள் நாலைந்து பேர்தானா? அதுதான் எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

---

உய்மேடு | 9 அக்டோபர் 2022, மாலை 5.20

நான் பெல்ஜியத்தில் லியேஜ் பக்கம் பதினைந்து வருடமாக இருக்கிறேன். உய் ஊருக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஏப்ரலில் ஒரு புதன்கிழமை விடுப்பு போட்டுவிட்டு அங்கே பிளெஷ் வலோன் பந்தயம் பார்க்கப் போய்விடுவேன். வழக்கு விவரத்தை சட்டப்பிரிவு அண்ணன் சொல்லிவிட்டார். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

பந்தயம் முடியும் அந்தச் சுவர் மேடு 1.3 கிலோமீட்டர்தான். சராசரிச் சரிவு ஒன்பது சதவீதத்துக்கு மேல், நடுவில் வரும் வளைவில் இருபதைத் தொடும். வழியோரம் சின்னச் சின்னச் சிற்றாலயங்கள் ஏழு. தார்ச்சாலை முழுக்க ஊர்ப் பெயரை வெள்ளை எழுத்தில் திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள். தமிழில் எழுதினால் 'உய்' என்று வருகிறது. பிழைத்துக்கொள் என்று அந்த மேடே சொல்வது போல எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

2017. வளைவுக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வறுத்த உருளைக்கிழங்கு வாசனை, குழந்தைகள் கூச்சல். வீரர்கள் வந்ததும் கூச்சலுக்குள்ளும் ஒரு சத்தம் தனியாகக் கேட்கும். மூச்சு. நூறு பேர் வாயால் இழுக்கும் மூச்சு. முகமெல்லாம் உப்புப் பூத்து, தோள் இரண்டு பக்கமும் ஆடி, முன்சக்கரம் வளைந்து வளைந்து போகும். வல்வெர்தே மட்டும் ஆடவில்லை. நாலாவதோ ஐந்தாவதோ சக்கரத்தில், வாய் மூடி, உட்கார்ந்தபடியே வந்தார். எங்களைத் தாண்டும்போது அவர் பார்வை முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் இல்லை, மேலே எங்கோ இருந்தது. இன்னும் எத்தனை மீட்டர் என்று எண்ணிக்கொண்டு போகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. சரியான இடம் வந்ததும் எழுந்தார். அவ்வளவுதான். டான் மார்ட்டின் இரண்டாவது, டிலன் தூன்ஸ் மூன்றாவது. அது வல்வெர்தேவுக்கு ஐந்தாவது பிளெஷ் வலோன்: 2006, அப்புறம் 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நாலு.

அந்த ஞாயிறு லியேஜ் பந்தயம். முந்தின நாள்தான் மிக்கேலே ஸ்கார்போனி தன் ஊரில் பயிற்சிக்குப் போனபோது வேன் மோதி இறந்திருந்தார். வல்வெர்தே நான்காவது முறையாக லியேஜை ஜெயித்து, விரலை வானத்தை நோக்கி உயர்த்தினார். கோட்டைத் தாண்டியதும் அழுதார். பரிசுப் பணத்தை ஸ்கார்போனி குடும்பத்துக்குக் கொடுத்தார். ஸ்கார்போனியும் அதே புவெர்த்தோ வழக்கில் தடை அனுபவித்தவர்தான். அன்று அழுத கூட்டத்தில் யாரும் அதை நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

இந்த வருடம் ஏப்ரலிலும் போனேன். 42 வயதுக்கு ஐந்து நாள் பாக்கி. அதே வளைவு, அதே உட்காரும் விதம். இந்த முறை ஒரு ஆளைத் தாண்ட முடியவில்லை. ஜெயித்தவர் தூன்ஸ், 2017-இல் மூன்றாவதாக வந்த அதே பையன். என் பக்கத்தில் நின்ற வயதான பெல்ஜியக்காரர் தங்கள் ஊர்க்காரர் ஜெயித்ததற்குக் குதித்துவிட்டு, உடனே திரும்பி, வல்வெர்தே பெயரைச் சொல்லிக் கத்தினார்.

நான் இவரை மன்னித்தேனா என்று கேட்டால் பதில் தெரியாது. அந்த மேட்டில் நின்றபோது எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை என்பதுதான் உண்மை.

---

சங்கிலிவட்டம் | 9 அக்டோபர் 2022, இரவு 8.15

உய்மேடு அண்ணா, அழகாக எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. உட்கார்ந்தபடியே, வாய் மூடி, ஆடாமல் என்கிறீர்கள். அதைப் பார்க்கும்போது சந்தேகம் வராமல் ஒருவர் ரசிக்க முடிகிறது என்றால் அந்தப் பையை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். அவர் எதிர்பார்த்ததும் அதுதான். பேசாமல் இருந்தால், போதுமான வருடம் ஜெயித்துக்கொண்டே இருந்தால், ஜனங்கள் மறந்துவிடுவார்கள்.

---

நான்காமிடம் | 9 அக்டோபர் 2022, இரவு 10.48

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. சைக்கிள் வீராங்கனையும் இல்லை, ஓட்டக்காரி. எண்ணூறு மீட்டர். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு மாநிலப் போட்டியில் நான்காவது வந்தேன். மூன்றாவது வந்த பெண்ணுக்கும் எனக்கும் இடையில் ஒரு கை நீளம். ஒரு வருடம் கழித்து அந்தப் பெண் வேறொரு போட்டியில் ஊக்கமருந்தில் சிக்கினாள். என் போட்டி முடிவை யாரும் மாற்றவில்லை. நான் மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அந்த வருடம் மூன்றாமிடம் வரைக்கும்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். எனக்குக் கிடைக்கவில்லை. அப்பா மேலே படிக்க வைத்தார், அது வேறு கதை.

அதனால் இந்த இழையைப் படிக்கும்போது என் கண் எப்போதும் பட்டியலில் கீழே போகிறது. 2009 வுவெல்தா. வல்வெர்தே முதலாவது, சாமுவேல் சாஞ்செஸ் இரண்டாவது, கேடல் எவன்ஸ் மூன்றாவது. எவன்ஸ் சியெரா நெவாதா போகும் வழியில் டயர் பஞ்சராகி, மாற்றுச் சக்கரம் வரத் தாமதமாகி, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டார். அந்த வுவெல்தாவில் வல்வெர்தே என்ன உட்கொண்டார் என்று யாராலும் சொல்ல முடியாது, மன்றமும் அதைத்தான் சொன்னது. ஆனால் அந்தப் பந்தயம் நடந்தபோது டிஎன்ஏ பொருந்திய விஷயம் வெளியே வந்துவிட்டது. இத்தாலி தடை போட்டாயிற்று. ஒரு நாட்டில் ஓடக் கூடாத ஆள், இந்த நாட்டில் தலைவர் ஜெர்சி போட்டுக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நின்ற சாஞ்செஸுக்கும் எவன்ஸுக்கும் அந்த மேடையில் எப்படி இருந்திருக்கும்?

வல்வெர்தே கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஸ்கார்போனி குடும்பத்துக்குப் பணம் கொடுத்தவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்று: பின்னால் வந்தவர்களிடம் அவர் ஏதாவது சொன்னாரா? தனியாகவாவது, ஒரு கடிதமாவது? என் விஷயத்தில் அந்தப் பெண்ணும் எனக்கு ஒன்றும் எழுதவில்லை.

---

கடைசிக்கிலோமீட்டர் | 9 அக்டோபர் 2022, இரவு 11.30

அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் மௌனம் மௌனம் என்று எழுதினேன், அதை ரசிகர்களுக்குச் செய்த துரோகமாக மட்டுமே பார்த்திருக்கிறேன். பட்டியலில் கீழே இருப்பவர்களை நினைக்கவே இல்லை. நன்றி.

---

ஏற்றப்பாதை | 10 அக்டோபர் 2022, காலை 6.40

எல்லோரும் சொன்னதும் சரி. ஆனால் மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேசியவர்களுக்கு என்ன நடந்தது?

யோர்க் யாக்ஷே, ஜெர்மன்காரர். அதே ஃபுவென்தெஸிடம் போனவர், அவருடைய சங்கேதப் பெயரும் அவர் நாயின் பெயர்தான், 'பெல்லா'. 2007-இல் ஒரு ஜெர்மன் பத்திரிகையிடம் எல்லாவற்றையும் சொன்னார். தான் மட்டுமல்ல, அணிகள் எப்படி நடத்தின என்பதையும். தடை முடிந்து வந்தபோது ஒரு அணியும் அவரை எடுக்கவில்லை. அத்தோடு அவர் தொழில் முடிந்தது.

ஹெசூஸ் மான்சானோ. கெல்மே அணியில் வல்வெர்தேவோடு ஓடியவர். 2003 டூரில் மோர்ஸின் போகும் கட்டத்தில் சாலையோரம் மயங்கி விழுந்தார். 2004-இல் ஸ்பெயின் பத்திரிகை ஒன்றில், அணிக்குள் என்ன ஏற்றினார்கள் என்று விவரமாகச் சொன்னார். புவெர்த்தோ விசாரணைக்கே அதுதான் விதை. ஆனால் சைக்கிள் உலகத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள், பைத்தியம் என்றார்கள்.

அந்த வருடம்தான் வல்வெர்தேவுக்கு 24 வயது ஆனது. அதே அணி. மான்சானோவை என்ன செய்தார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். பேசினால் என்ன ஆகும், பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பேசிய யாக்ஷேக்கு வேலை போனது. பேசாத வல்வெர்தே 2018-இல் உலக சாம்பியனின் வானவில் ஜெர்சி போட்டார். இந்த விளையாட்டு எதற்குப் பரிசு கொடுத்தது என்று பாருங்கள்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லவில்லை. கோபத்தின் பெரிய பங்கு வேறிடத்துக்குப் போக வேண்டும் என்கிறேன். வழக்கே வேண்டாம் என்ற சம்மேளனத்துக்கு, திரும்பி வந்ததும் அதே நாற்காலியில் உட்கார வைத்த அணிக்கு.

---

சங்கிலிவட்டம் | 10 அக்டோபர் 2022, காலை 7.25

ஏற்றப்பாதை, இதை நான் யோசித்ததில்லை. 24 வயதில் பயந்தார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். 38 வயதில் உலக சாம்பியன், 42 வயதில் ஊரே கொண்டாடும் ஆள். அப்போதும் பயமா? இனி அவரிடமிருந்து யாரும் எதையும் பறிக்க முடியாது. காலக்கெடு முடிந்தாயிற்று, அணி தேட வேண்டாம். பாஸ்ஸோ ஒப்புக்கொண்டார், திரும்பி வந்து இத்தாலியின் ஜீரோ பந்தயத்தை ஜெயித்தார். டேவிட் மில்லர் ஒப்புக்கொண்டார், திரும்பி வந்து 2012 டூரில் ஒரு கட்டத்தை ஜெயித்தார். பேசினால் எல்லோரும் அழிந்துபோனார்கள் என்பது முழு உண்மை இல்லை.

---

ஏற்றப்பாதை | 10 அக்டோபர் 2022, காலை 7.58

பாஸ்ஸோ எவ்வளவு ஒப்புக்கொண்டார்? ஊக்கமருந்து எடுக்க முயன்றேன், எடுக்கவில்லை என்றார். அவ்வளவுதான். அணியைப் பற்றி, மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டால் பெலட்டான், அதாவது பந்தயக் கூட்டம், திரும்பச் சேர்த்துக்கொள்ளும். யாக்ஷே அளவுக்குப் பேசினால் சேர்க்காது. மில்லர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அவர் விதிவிலக்கு.

---

புதுச்சவாரி | 10 அக்டோபர் 2022, பகல் 1.10

எனக்கு ஒரு சந்தேகம். தடைக்குப் பிறகு ஜெயித்ததுதான் அதிகம், பெரிதும் கூட என்று தோன்றுகிறது. நாலு பிளெஷ், இரண்டு லியேஜ், 2015 டூரில் மூன்றாமிடம், 2016 ஜீரோவில் மூன்றாமிடம், உலகப் பட்டம். 2019-இல் 39 வயதில் ரோக்லிச்சுக்குப் பின்னால் வுவெல்தாவில் இரண்டாமிடம். இதை எப்படிப் புரிந்துகொள்வது? சுத்தமாகவே இவ்வளவு முடியும் என்றால் முன்பு ஏன் அது தேவைப்பட்டது?

---

சட்டப்பிரிவு | 10 அக்டோபர் 2022, மாலை 4.05

தம்பி, இந்தக் கேள்வியை இரு பக்கத்துக்காரர்களும் தங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நிரூபிக்க முடிந்ததை மட்டும் சொல்கிறேன். 2008-லிருந்து வீரர்களின் ரத்த அளவுகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கண்காணிக்கும் உயிரியல் கடவுச்சீட்டு முறை இருக்கிறது. திரும்பி வந்த பத்து வருடத்தில் அவர் மேல் ஒரு வழக்கும் இல்லை. ரத்தம் ஏற்றியதன் பலன் சில வாரங்களில் கரைந்துவிடும், பத்து வருடத்துக்கு வராது. ஆகவே 2018-ஐ 2006-இன் பையோடு முடிச்சுப் போடுவதற்கு ஆதாரம் கிடையாது.

ஆனால் ஆதாரம் இல்லை என்பதை வைத்துக்கொண்டு ஒருவர் மேல் நம்பிக்கை வந்துவிடுவதில்லை. நம்பிக்கையை அவர்தான் கொடுத்திருக்க வேண்டும். கடைசிக்கிலோமீட்டர் முதல் பதிவில் சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

---

கடைசிக்கிலோமீட்டர் | 10 அக்டோபர் 2022, இரவு 9.40

ஆமாம், அதேதான். இன்ஸ்புருக் உலகப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 30. குஃப்ஸ்டைனிலிருந்து 258 கிலோமீட்டர். கடைசியில் 'நரகம்' என்று அவர்களே பெயர் வைத்த ஏற்றம், 28 சதவீதம்வரை போகும், நடந்து ஏறினாலே கால் நடுங்கும் சரிவு. வல்வெர்தே, பார்தே, உட்ஸ். இறக்கத்தில் பின்னாலிருந்து டுமூலாங் வந்து சேர்ந்துகொண்டார். நாலு பேர். முன்னூறு மீட்டருக்கு மேல் இருக்கும்போதே வல்வெர்தே முன்னால் மாட்டிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் தயங்கியிருப்பார்கள். இவர் தயங்கவில்லை, முன்னாலிருந்தே ஓட்டத்தைத் தொடங்கி, கடைசிவரை ஒருவரையும் தாண்ட விடவில்லை.

அதற்கு முன் உலகப் போட்டியில் ஆறு பதக்கம், ஒன்றுகூடத் தங்கம் இல்லை. 2003-இல் வெள்ளி, 2005-இல் வெள்ளி, அப்புறம் நாலு வெண்கலம். பதினைந்து வருடக் காத்திருப்பு. கோட்டைத் தாண்டியதும் ஆள் உடைந்து அழுதார். மூன்று வருடம் அந்த ஜெர்சியை வைத்திருந்த சகான் தானே மேடைக்கு வந்து பதக்கத்தை அணிவித்துக் கட்டிப்பிடித்தார்.

நானும் அழுதேன். வீட்டில் எல்லோரும் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். அந்த அழுகை அடங்குமுன்னே மனதுக்குள் அந்தப் பை வந்து நின்றது. கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. அவர் எப்போதோ ஒரு நாள் உட்கார்ந்து, 'ஆமாம், செய்தேன், இப்படி நடந்தது, இன்ன தேதியில் நிறுத்தினேன்' என்று சொல்லியிருந்தால் அந்தப் பைக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும். 2006-இல் போய் உட்கார்ந்திருக்கும். சொல்லாததால் அது எல்லா வருடத்திலும் இருக்கிறது. இன்ஸ்புருக்கிலும், முந்தாநாள் கோமோவிலும்.

---

உய்மேடு | 10 அக்டோபர் 2022, இரவு 10.15

சரி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. போன வருடமே ஓய்வு என்று சொல்லியிருந்தவர், 2021 வுவெல்தாவில் இறக்கத்தில் சாலையை விட்டு விழுந்து காறையெலும்பு உடைந்து, அப்படியும் மறுபடி ஏறி மிதித்துப் பார்த்து, முடியாமல் அழுதுகொண்டே காருக்குள் போனார். இப்படி முடிக்க மாட்டேன் என்று இன்னொரு வருடம் வந்தார். இந்த ஜூலையில் மூர்சியாவில் பயிற்சியின்போது கார் இடித்து மருத்துவமனை. ஆகஸ்டில் வுவெல்தா. ஒரு மனிதனுக்கு சைக்கிள் மேல் இவ்வளவு ஆசை இருக்க முடியுமா என்று நினைக்கவைத்தவர். அதையும் இந்த இழையில் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

---

சங்கிலிவட்டம் | 14 மார்ச் 2025, காலை 8.20

பழைய இழையைத் தோண்டி எடுத்ததற்கு மன்னியுங்கள். வல்வெர்தேவை ஸ்பெயின் ஆண்கள் சாலை அணியின் தேசியப் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள். உலகப் போட்டிக்கு யார் யார் போக வேண்டும் என்று இனி அவர்தான் தேர்வு செய்வார். அவர் மேல் வழக்கே தொடர மாட்டேன் என்ற அதே சம்மேளனம் கொடுத்த பதவி.

2022-இல் நான் கொஞ்சம் கடுமையாக எழுதினேன். ஏற்றப்பாதை சொன்ன யாக்ஷே கதை அப்புறம் என்னை விடவில்லை. இப்போது என் எதிர்ப்பு வேறு. அவர் ஓடியதை ஓடியாயிற்று, விடுவோம். ஆனால் அயூசோ மாதிரி இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்கு வழிகாட்டும் இடத்தில் இருக்கிறவர், தன் இருபத்தைந்து வயதில் என்ன நடந்தது என்று அவர்களிடமாவது சொல்ல வேண்டாமா? ஒரு மருத்துவர் வந்து தோளில் கை போட்டால் எப்படித் தெரிந்துகொள்வது, எப்படி விலகுவது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த பாடம்.

---

ஏற்றப்பாதை | 14 மார்ச் 2025, பகல் 12.35

முழுதாக ஒத்துக்கொள்கிறேன். அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால்கூடப் போதும். பத்திரிகைக்கு வேண்டாம்.

---

கடைசிக்கிலோமீட்டர் | 14 மார்ச் 2025, இரவு 9.50

பத்திரிகைக்கும் வேண்டும் என்பேன். நான் இன்னும் காத்திருக்கிறேன்.

அது இருக்கட்டும். வேலை விஷயமாக ஏப்ரல் கடைசியில் பிரஸ்ஸல்ஸ் வருகிறேன். 23-ஆம் தேதி புதன்கிழமை பிளெஷ் வலோன். உய்மேடு, உங்கள் வளைவைக் காட்ட முடியுமா?

---

நான்காமிடம் | 15 மார்ச் 2025, காலை 6.15

என் தங்கை நாமூரில் இருக்கிறாள், அந்த வாரம் நானும் அங்கேதான். வரலாமா? ஜெயிப்பவருக்கு எல்லோரும் கத்துவார்கள். நான் நாலாவதாக வருகிறவருக்காகத் தொண்டையைச் சேமித்து வைக்கிறேன்.

---

உய்மேடு | 15 மார்ச் 2025, காலை 7.02

வாருங்கள் அக்கா, வாருங்கள் நண்பரே. நாமூரிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. பெண்கள் பந்தயமும் அன்றைக்கேதான், அதே மேடு. காலை பத்துக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் கம்பியோரத்தில் இடம் கிடைக்காது. மழைச்சட்டை மறக்காதீர்கள்.